டாக்டர் வேலாயுதம் வெளியேறினார்; வெளியேற்றப்படவில்லை

டாக்டர் வேலாயுதத்தை இங்கிலாந்தில் நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்றும், அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்றும் இங்கே குவைத்தில், ஃபஹாஹீலில் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் தவறு. நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சும் ஒருநாள்கூட நின்றதில்லை. இங்கிருந்த தம் பல் மருத்துவமனையை மூடிவிட்டு அவர் பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகும், வெள்ளிக்கிழமை தோறும் தொலைபேசியில் கூப்பிடுவார். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மணி அடித்ததும் வழக்கம்போல அவர்தான் என்று எடுத்தேன். அவர் மனைவி பார்வதியின் குரல் கேட்டது.

"மதினி, அவிய போயிட்டாவ. பேப்பர் படிச்சிக்கிட்டேதான் இருந்தாவ. நான் காப்பி எடுத்துட்டு வாரதுக்குள்ள…"

காப்பியை என்ன செய்தாள் என்று நான் கேட்டேன். அந்த நேரத்தில் ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. "கையிலதான் வச்சிருக்கேன் மதினி," என்றாள்.

அன்று மாலையே நம் மணல் கோல்ஃப் குழுவினர் செயலாளர் பிரபாகர் வீட்டில் கூடினோம். எழுந்து நின்று மௌனம் காத்தோம். அது முடிந்ததும், நம் குளிர்காலக் கோப்பைக்கு இனி டாக்டர் வேலாயுதத்தின் பெயரை வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். குழுவைத் தொடங்கியவர்கள் அவரும் காலஞ்சென்ற என் கணவர் நடராஜனும். என் கணவரின் பெயரை வைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. இதைக் கேட்டேன். உடனே சரி என்பார்கள் என்று நினைத்தேன்.

பிரபாகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் அங்கிள் மேல எல்லாருக்கும் மரியாதை இருக்கு. ஆனா அந்த இங்கிலாந்து மேட்டர் ஒண்ணு இருக்கே…"

"என்ன மேட்டர்?"

"பெரிய டோர்னமெண்ட்ல பந்தைத் தொட்டுட்டாரு, பிடிச்சு வெளிய அனுப்பிட்டாங்கன்னு… ஏன் மேடம், நீங்கதானே அங்க அபிஷியல்கிட்ட சொன்னது?"

மூலையிலிருந்து ஒருவர், "கம்பெனி வெள்ளைக்காரங்களும் நம்ம கப்புக்கு ஆட வர்றாங்க மேடம். 'பந்து தூக்கி கப்'னு பேர் வச்சிருவாங்க," என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு மனிதர் இறந்த நாளன்றே அவருடைய நல்ல பெயர் தள்ளிவைக்கப்படுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி பிறகு பிரபாகரே கேட்டார். எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் ஒருமுறை முழுதாகப் படியுங்கள்.

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டு வாசலில், இரண்டு காலணிகளிலும் மணலோடு. என் கணவருடன் முதல்முறை ஆடிவிட்டு வந்திருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "மதினி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி," என்றார். நான் திருச்சியில் கான்வென்டில் படித்தவள். இங்கே இந்தியப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். அறிமுகமே இல்லாதவர் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதை நான் அனுமதிப்பதில்லை. "மிசஸ் நடராஜன் என்று சொன்னால் போதும்," என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "மிசஸ் நடராஜன்னு கூப்பிட்டா தண்ணிய தட்டுல வச்சுத் தருவீய. மதினின்னா சொம்புல தருவீய. எனக்கு சொம்புதான் வேணும் மதினி."

சொம்பில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் அதை மாற்றவில்லை, நானும் திருத்தவில்லை. என் கணவர் அவருக்கு அண்ணாச்சி, நான் மதினி.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், மைதானத்துக்கே வராத வீட்டுப் பெண்களுக்காகவும் நம் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவரே வெல்வார். நம் மைதானத்தில் புல் இல்லை. வெள்ளையடித்த கற்களுக்கு நடுவே இருக்கும் மணல்தான் பாதை. குழியைச் சுற்றி எண்ணெய் கலந்து இறுக்கிய மணல். மற்ற ஊர்களில் அந்த இடம் பச்சைப் புல், பெயர் 'கிரீன்'; இங்கே பழுப்பு என்பதால் 'பிரவுன்'. கற்களில் பட்டு மட்டை உடையாமலிருக்க, ஒவ்வொருவரும் இடுப்பில் செயற்கைப் புல் விரிப்புத் துண்டு ஒன்றைச் செருகியிருப்பார்கள். அதை நாம் 'பாய்' என்கிறோம். பந்து எங்கே விழுந்தாலும் எடுத்துத் துடைத்து, பாயில் வைத்துத்தான் அடிக்கிறோம். இது நம் குழுவின் விதி. வேறெங்கும் இது செல்லாது.

என் கணவருக்கு முழங்கால் வலி. குனிந்தால் நிமிர்வது கடினம். அதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். வேலாயுதம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சியின் பந்து விழுந்த இடத்துக்கு முதலில் ஓடிப்போய், எடுத்து, கைக்குட்டையால் மணலைத் துடைத்து, பாயை விரித்து, பந்தை வைத்துவிட்டு, "அண்ணாச்சி, பாய் போட்டாச்சு!" என்று சத்தம் கொடுப்பார். ஒவ்வொரு குழியிலும், ஒவ்வொரு அடிக்கும், ஆண்டுக்கணக்காக இப்படி. "இந்த ஆள் தன் பந்தைத் தேடுவதே இல்லை கோமளா, என் பந்தைத்தான் தேடுகிறான்," என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். அலுப்புக்குள்ளே பெருமை இருக்கும்.

இன்று மூத்தவர்களின் பந்துக்கு யார் முதலில் போகிறாரோ அவர் பாய் போடுகிறார். நீங்கள் எல்லோரும் செய்கிறீர்கள். இதைத் தொடங்கியவர் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் எழுதமாட்டேன். நேரத்துக்கு வரமாட்டார். வேர்க்கடலை தின்றுகொண்டே பேசுவார். உங்கள் வாய்க்குள் தன் கையை வைத்துக்கொண்டு, பதில் சொல்லவே முடியாத கேள்விகளாகக் கேட்பார். பல்லைப் பிடுங்கியதும், "கலாஸ்! பல்லு மாஃபி!" என்று, முடிந்தது, பல் இல்லை என்ற சேதியை அரபி நர்சுக்கும் நோயாளிக்கும் ஒரே மொழியில் சொல்வார். ஆனால் ஆட்டத்தில் அவருடைய கணக்கு சுத்தமானது.

சதாம் வீழ்ந்த ஆண்டில் குவைத்தில் சைரன் ஒலித்த நாட்கள் நினைவிருக்கும். வெளியே போக வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொல்லியும் இருவரும் ஒரு வெள்ளிக்கிழமை ஆடப் போனார்கள். பாதி ஆட்டத்தில் சைரன் ஒலித்தது. ஓட இடமில்லை. பிரவுனுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். ஏவுகணை எங்கே விழுமோ என்று என் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பக்கத்திலிருந்து வேலாயுதம் மெதுவாகக் கூப்பிட்டாராம்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"என்னய்யா?"

"மூணாவது குழியில, அடிக்கறதுக்கு முன்னாலயே மட்டை பந்துல லேசா பட்டுட்டு. நீங்க பாக்கல. ஒரு அடி கூட்டிக்கிடுங்க. செத்துகித்துப் போனா கணக்கு தப்பாயிரும்."

என் கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் இருவரையும் திட்டினேன். பிறகு அறைக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன்.

அடுத்த ஆண்டு என் கணவர் காலமானார். நான் மகனின் வீட்டில், மகனின் விசாவில் இருந்தேன். ஆனால் மகனின் தயவில் இருப்பதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன். அவன் காரில் போய் இறங்க மனமில்லாமல் வெளியே போவதையே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் திரைச்சீலையைத் திறப்பதில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். ஒருநாள் வேலாயுதமும் பார்வதியும் வந்தார்கள். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மதினி, ஸ்கோர் எழுத ஆள் இல்ல. பிரபாகர் எழுதினா ஒண்ணும் ஏழும் ஒரே மாதிரி இருக்கு. நேத்து ஏழு அடிச்சவன் ஒண்ணுன்னு சொல்லிட்டு கப்பைக் கேக்கான்."

"நான் அங்கே வந்து நின்றால் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?" என்றேன்.

"அந்த மணல்ல பேச யாரு இருக்கா? ஒட்டகம் ஒண்ணு ரெண்டு வரும். அதுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

பார்வதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனேன். அன்று முதல் இன்றுவரை இந்தக் குழுவின் ஸ்கோரை நான்தான் எழுதுகிறேன். "மதினி கையில பேனா இருந்தா ஒட்டகம்கூட வரிசையில போகும்," என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். கேலிதான். ஆனால் திரைச்சீலையைத் திறக்க வைத்த கேலி.

இனி இங்கிலாந்து.

ஜூலை மாதத்தில் இங்கே பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஏ.சி. அறையில் என் கணவரும் அவரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, ஐம்பது வயதைக் கடந்த தொழில்முறை ஆட்டக்காரர்களின் போட்டியைப் பார்ப்பார்கள். இளம் ஆட்டக்காரர்களின் போட்டிகளை வேலாயுதம் அவ்வளவாக மதிப்பதில்லை. "அந்தப் பயலுவ ஆட்டத்தப் பாத்தா பொறாமைதான் வருது அண்ணாச்சி. இவிய ஆட்டத்தப் பாத்தா நம்பிக்கை வருது. பந்த எடுக்கக் குனியும்போது இடுப்பப் பிடிச்சிக்கிடுதாவ பாருங்க!" என்பார். ஓய்வு பெற்றதும் நேரில் போய்ப் பார்ப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அது நடக்கவில்லை. என் மகள் லண்டனுக்கு அருகில் இருக்கிறாள். ஒரு கோடையில் நான் அவளிடம் போனபோது வேலாயுதமும் பார்வதியும் என்னோடு வந்தார்கள். அந்த ஆண்டுப் போட்டி, அவள் வீட்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு ஹீத்லாண்டு மைதானத்தில் நடந்தது.

ஹீத்லாண்டு என்றால் கரம்பு நிலம் என்று சொல்லலாம். உயரமான பைன் மரங்கள், முட்புதர்கள், அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய புல் பாதைகள். பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்துக்கு ஹெதர் என்ற செடி. ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கிறது. தொலைக்காட்சியில் பூந்தோட்டம் மாதிரித் தெரியும். கிட்டே போனால் அதன் தண்டு கம்பி மாதிரி. பந்து அதற்குள் விழுந்தால், அடிக்கும் மட்டையை அது சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. பெரிய ஆட்டக்காரர்களே பாதைக்குத் திரும்பினால் போதும் என்று பக்கவாட்டில் தட்டிவிடுகிறார்கள்.

வேலாயுதம் போனவுடனே ஓரமாக நின்று, காலணி நுனியால் அந்தச் செடியை விலக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "மதினி, இங்கயும் கீழ மணலுதான்! மேல பூவ வச்சு ஆளை ஏமாத்துதானுவ!" என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசும்படி சொன்னேன்.

மதியத்துக்குப் பிறகு, பாதை இடப்பக்கம் வளையும் ஓர் இடத்தில், பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றோம். அங்கே வந்த ஆட்டக்காரர் ஒருகாலத்தில் பெரிய பெயர் பெற்றவர். அவர் பெயரை எழுதமாட்டேன். இந்தக் கதைக்கு அது தேவையில்லை. முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். ஒவ்வொரு எட்டுக்கும் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார். என் கணவரின் நடை. நானும் கவனித்தேன், பார்வதியும் கவனித்தாள்.

அவர் அடித்த பந்து வளைவில் திரும்பாமல் நேராக வந்து, கூட்டத்தைத் தாண்டி எங்களுக்குப் பின்னால் எங்கோ ஹெதருக்குள் விழுந்தது. எல்லோரும் பாதைக்கு அந்தப் பக்கம் தேடினார்கள். இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. என் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. 'அமைதி' என்று எழுதிய பலகையை ஓர் ஊழியர் என் முகத்துக்கு நேரே உயர்த்தியிருந்தார். முப்பது ஆண்டுகள் பிறரை அமைதியாக இருக்கச் சொன்னவள் நான். பலகையை அப்படி நீட்டுவது முறையல்ல என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஆகவே நான் காட்டிக்கொடுத்தேன் என்பது நடக்கவே முடியாத காரியம். பார்த்திருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். அந்த வாய்ப்பை அவர் எனக்குத் தரவில்லை.

பார்த்தவள் பார்வதி. அவள் சொன்னது இது. பந்து அவர் காலடியில் இருந்தது. அந்த ஆட்டக்காரர் சாய்ந்து சாய்ந்து தூரத்தில் வந்துகொண்டிருந்தார். இவர் குனிந்தார். பந்தை எடுத்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். பிறகு மற்றக் கை இடுப்புக்குப் போனது, பாயை உருவ. இடுப்பில் பாய் இல்லை. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம், கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"என்ன காரியம் செஞ்சிட்டீய! வச்சிருங்க, யாரும் பாக்கல, வச்சிட்டு இங்க வாங்க," என்று பார்வதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"நான் தொட்டேன்னு நானே சொல்லிட்டா அதோட முடிஞ்சு போச்சு, பார்வதி. இன்னொருத்தன் சொன்னாத்தான் அது கதையாகும்," என்றாராம். பிறகு பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்த வளைவு முழுவதும் கேட்கும்படி, "சார்! ஐ டச்டு த பால்!" என்று கூவினார்.

அந்தக் கூவலைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன். பலகைக்காரரும் திரும்பினார்.

நடுவர் வண்டியில் வந்து இறங்கினார். உயரமான மனிதர், கோபமில்லாத முகம். "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஊரில் முழங்கால் வலி உள்ளவருக்கு நாங்கள் இப்படித்தான் செய்வோம், சார்."

"எது உங்கள் ஊர்?"

"குவைத்," என்றார் பாளையங்கோட்டைக்காரர்.

நடுவர் தலையசைத்தார். "இங்கே முழங்கால் வலித்தாலும் அவரவரேதான் குனிய வேண்டும், ஐயா. பந்து எப்படிக் கிடந்தது? செடியின் மேலே நின்றதா, உள்ளே இறங்கியிருந்ததா?"

கேள்வி சாதாரணமானது இல்லை. பார்வையாளர் பந்தைத் தொட்டால் ஆட்டக்காரருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் பந்தை முன்பு கிடந்தது போன்ற இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மேலே நின்றது என்று சொன்னால் அவர் நன்றாக அடிக்கலாம். உள்ளே இருந்தது என்று சொன்னால் ஓர் அடி வீண். எப்படிக் கிடந்தது என்று அந்த நிலத்தில் அறிந்தவர் வேலாயுதம் ஒருவர்தான். கூட்டத்துக்கு அந்த ஆட்டக்காரரை மிகவும் பிடிக்கும். என் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர், "மேலே நின்றது என்று சொல்லிவிடுங்களேன், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று வேலாயுதத்தின் காதில் விழும்படியே சொன்னார். ஆட்டக்காரரும் வந்துவிட்டார். அவர் மட்டையில் சாய்ந்து நின்று இவரையே பார்த்தார்.

வேலாயுதம் மண்டியிட்டார். தண்டுகளை இரண்டு விரலால் விலக்கினார். சுண்டுவிரலை உள்ளே விட்டு, பாதி விரலுக்கு மேல் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார். "இவ்வளவு உள்ளே. ஈறுக்குள் புதைந்த கடைவாய்ப்பல் மாதிரி."

நடுவருக்குப் புரியவில்லை. ஆட்டக்காரருக்குப் புரிந்தது. "நீங்கள் பல் டாக்டரா?"

"ஆமாம் சார். அனுமதி இல்லாமல் பிடுங்கிவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

அந்த வயதான ஆட்டக்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். பிறகு நடுவர் பார்த்துக்கொடுத்த ஆழமான இடத்தில் தானே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பந்தை வைத்தார். அடித்தார். பந்து பக்கவாட்டில் குதித்துப் புல்லுக்கு வந்தது, அவ்வளவுதான். ஓர் அடி போயிற்று. போவதற்கு முன் கயிற்றருகே வந்து வேலாயுதத்தின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நடுவரும் கை குலுக்கினார். யாரும் யாரையும் வெளியே அனுப்பவில்லை.

ஆனால் சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால் வேலாயுதம் அங்கே இல்லை. தேநீர்க் கொட்டகையில் போய் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிக்கிடந்தது. முன்னால் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம், பிரிக்கப்படாமல். பார்வதி நிழலில் நின்றாள். என்னைப் போகச் சொல்லிக் கண் காட்டினாள்.

"ஏன் வந்துவிட்டீர்கள்? நீங்கள் உண்மையைத்தானே சொன்னீர்கள்? இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?" என்றேன்.

"வெட்கம் இல்ல மதினி."

"பின்னே?"

அவர் வலது கையை மேசைமேல் விரித்து வைத்து அதையே பார்த்தார். "அண்ணாச்சி இல்லேங்கறது எனக்குத் தெரியும். இந்தக் கைக்கு இன்னும் தெரியல."

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். என் கணவர் இறந்த பிறகு பிறர் முன்னால் நான் அழுதது அந்தக் கொட்டகையில் மட்டும்தான். அவர் என்னைப் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். மிச்ச ஆட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. மூவரும் மாலை ரயிலில் திரும்பினோம்.

பிறகு ஏன் இந்தக் கதை இப்படி மாறியது? மாற்றியவர் வேலாயுதம்தான். ஃபஹாஹீலுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே நீங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, போட்டி எப்படி, கடைசியில் ஜெயித்தது யார் என்று கேட்டீர்கள். கடைசிவரை பார்க்கவில்லை என்றால், ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவரிடமிருந்த பதில் என்னைப் பற்றியதும்கூட. அதனால் கை கால்களை ஆட்டி ஒரு நாடகம் போட்டார்.

"நான் பந்தத் தொட்டேன் பாருங்க, மதினி இருக்காவளே, 'பிடியுங்கள் இவரை!'ன்னு இங்கிலீஷ்ல ஒரு சத்தம்! வெள்ளைக்காரனே பயந்துட்டான். என் கழுத்தப் பிடிச்சு வெளிய கொண்டுபோய் விட்டுட்டான்!"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பிரபாகர், நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். நான், "பார்த்திருந்தால் சொல்லித்தான் இருப்பேன்," என்றேன். சிரிப்பு இன்னும் கூடியது. அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். எதற்காக அந்தக் கதை என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆட்டக் கணக்கில் ஓர் அடியைக்கூட மறைக்காதவர், என் கண்ணீரை மறைக்க ஒரு முழுக் கதையையே கட்டினார். அவர் சொல்லும்போது கூடவே அவர் முகம் இருந்தது. கேட்டவர்களுக்கு அது வேடிக்கை என்று தெரிந்தது. இப்போது முகம் இல்லை. கதை மட்டும் இருக்கிறது.

நான் ஆங்கிலம் கற்பித்தவள். செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் உள்ள வித்தியாசத்தை என் மாணவர்களுக்குச் சலிக்கச் சலிக்கச் சொல்லியிருக்கிறேன். வெளியேறினார் என்பது வேறு. வெளியேற்றப்பட்டார் என்பது வேறு. முதலாவதைச் செய்தவர் அவர். இரண்டாவதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் அப்படி எதுவும் செய்யவில்லை. அந்த நடுவரும் ஆட்டக்காரரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோப்பைக்கு அவர் பெயரை வைத்தால் வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். அந்த வளைவில் நின்றிருந்த வெள்ளைக்காரர் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தவர் ஒரே ஒருவர். அதுவும் வேலாயுதம் பல் டாக்டர் என்று தெரிந்தபோதுதான்.

நேற்று பார்வதியிடம் பேசினேன். இந்தச் சங்கதியை நான் எழுதலாமா என்று கேட்டேன். "கொட்டகையில நீங்க அழுததயும் எழுதுவீயளா மதினி?" என்றாள். எழுத வேண்டியிருக்கும் என்றேன். "அப்ப எழுதுங்க. அவிய இருந்தா விடமாட்டாவ. அதான் இப்பமே எழுதிருங்க," என்றாள்.

இப்படிப்பட்டவரின் நினைவாக என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று என் மகன் கேட்டான். கீழ்வரிசையில், இடப்பக்கம், ஒரு கடைவாய்ப்பல். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின வாரம், மருத்துவமனைச் சாமான்களைப் பாதி கட்டி வைத்துவிட்ட நிலையில், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதை அடைத்துக் கொடுத்தார். கடைசி நோயாளி நான். "இந்த அடைப்பு உங்க ஆயுசுக்கும் வரும் மதினி. என் ஆயுசுக்குத்தான் கேரண்டி இல்ல," என்றார். வாய் திறந்திருந்ததால் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. மற்றப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அது அசையவில்லை. இன்றும் முறுக்கை அந்தப் பக்கம்தான் கடிக்கிறேன்.

பிரபாகர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்காலக் கோப்பைக்கு டாக்டர் வேலாயுதத்தின் பெயர் உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஒரு வரி போதும். பார்வதிக்கு நான் படித்துக் காட்டுவேன். இல்லை என்றால், காரணத்தையும் எழுதி, அந்தக் காரணத்தைச் சொல்கிறவர் தம் பெயரைக் கீழே போட வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். வேறு யாரிடமும் சொல்லியனுப்ப வேண்டாம். எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

கோமளா நடராஜன்
ஃபஹாஹீல்